பிரசவத்துக்கு வரும் மகளுக்கு ஓர் அறை வேண்டும். அந்த அறையில் என் அம்மாவின் 23 பெட்டிகள்

வேப்பமரத்தடி | ஞாயிறு, இரவு 11.10

மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். ஒன்பதில் வளைகாப்பு செய்து தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். கையில் எட்டு வாரம் இருக்கிறது. அவளுக்கென்று இருக்கும் ஒரே அறையில் கால் வைக்க இடமில்லை.

கும்பகோணத்தில் இருந்த பெற்றோர் வீட்டைப் போன ஆண்டு விற்றோம். அப்போது அம்மா காலமாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. வாங்கியவர் அவசரப்படுத்தினார். பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் அடைத்து, லாரியில் ஏற்றி மடிப்பாக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். 23 பெட்டிகள், இரண்டு டிரங்குப் பெட்டிகள், இட்லிக் கொப்பரை, பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி. அண்ணன் "உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக முயல்கிறேன். இன்று ஒரு பெட்டியைத் திறந்தேன். மேலாக அம்மாவின் கண்ணாடிக்கூடு. உள்ளே கண்ணாடி, ஒரு காதுக்கம்பியின் மூட்டில் நூல் சுற்றியிருந்தது. திருகாணி கழன்று விழுந்தபோது அவளே சுற்றிக்கொண்ட வெள்ளை நூல், எண்ணெய்ப் பிசுக்கேறிப் பழுப்பாகியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பெட்டியை மூடிவிட்டு வந்து சாம்பார் வைத்தேன்.

நான் சோம்பேறி இல்லை. 31 ஆண்டுகள் வேலைக்குப் போய்க்கொண்டே குடித்தனம் நடத்தியவள். ஆனால் அந்தக் கதவைத் திறந்தாலே மலைப்பாக இருக்கிறது, கை ஓடவில்லை. எங்கே தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

நேர்கோடு | ஞாயிறு, இரவு 11.38

ஒன்றரை ஆண்டாகத் திறக்காத பெட்டியில் உங்களுக்குத் தேவையானது எதுவும் இல்லை என்றுதானே பொருள்? ஒரு குட்டியானையை (சின்ன சரக்கு வண்டியைத்தான் சொல்கிறேன்) வரவழையுங்கள். காயலான் கடைக்கு மொத்தமாக அனுப்புங்கள். அரை நாள் வேலை.

கறிவேப்பிலை | திங்கள், காலை 5.50

நேர்கோடு, தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

அக்கா, அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். நான் கேட்டுக் கெட்டவள். மாமியார் போனபிறகு அவருடைய பழைய தலையணை, மெத்தைகளை ஒரே நாளில் வண்டியில் ஏற்றினோம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சின்ன மாமியார் சாவகாசமாகக் கேட்டார், "அக்கா தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்த சங்கிலியை எடுத்துவிட்டீர்கள் அல்லவா?" இரண்டு சவரன். அந்தக் காலத்துப் பெண்களுக்கு வங்கி லாக்கர் கிடையாது. அரிசி டிரம், தலையணை, புடவை மடிப்பு, சாமி படத்தின் பின்பக்கம், இவைதான் லாக்கர். ஒவ்வொரு புடவையையும் உதறிப் பாருங்கள். அலமாரித் தட்டில் விரித்த நாளிதழை எடுத்து அடியில் பாருங்கள்.

உங்களுக்கு நேர்ந்தது என்ன என்றால், கண்ணாடிக்கூட்டில் தொடங்கிவிட்டீர்கள். அது கடைசியில் வரவேண்டியது. நம்மை அசத்துவது சாமானின் எண்ணிக்கை இல்லை அக்கா. ஒவ்வொன்றும் கையில் ஏறியதும் "என்னை என்ன செய்யப் போகிறாய்" என்று கேட்கிறது பாருங்கள், அதுதான். நாற்பது சாமான் நாற்பது தடவை கேட்டால் எந்த மனுஷிக்கும் தலை சுற்றும். ஆகையால் கேள்வியே கேட்காத சாமானில் தொடங்குங்கள். காலாவதியான மாத்திரை, மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, திருமண மண்டபத்தில் கொடுத்த துணிப்பை, கெட்டியான நகப்பூச்சு. அதுவும் அந்த அறையில் வேண்டாம். உங்கள் சமையலறையில், ஒரு தட்டு மட்டும். இன்று அது போதும்.

ஓய்வுபெற்ற_காசாளர் | திங்கள், காலை 9.15

குட்டியானை யோசனையை நானும் வன்மையாக மறுக்கிறேன். 34 ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சில செய்திகள்.

அம்மா, அந்த டிரங்குப் பெட்டிகளில் காகிதம் இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துவிடுங்கள். எவ்வளவு பழைய பாஸ்புக்காக இருந்தாலும் தனியே எடுத்து வையுங்கள். பத்து ஆண்டுகள் யாரும் கேட்காத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும்; ஆனால் வாரிசு உரிமை போகாது, பிறகும் கேட்டு வாங்கலாம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்றோர் இணையதளம் தொடங்கியது. அப்பா பெயரைப் போட்டுத் தேடினால் பல வங்கிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குகளை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

காகிதப் பங்குச் சான்றிதழ் கிடைத்தால் கிழிக்காதீர்கள். 2019 ஏப்ரல் முதல் அவற்றைக் காகிதமாகவே வேறொருவருக்கு விற்க முடியாது, ஆனால் வாரிசுக்கு மாற்றலாம். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பங்குகள் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அதையும் திரும்பப் பெற வழி உண்டு, பொறுமை வேண்டும்.

வீட்டை விற்றுவிட்டீர்கள், சரி. நிலம் ஏதாவது இன்னும் இருந்தால் மூலப்பத்திரத்தைத் தேடி எடுத்து வையுங்கள். நகலை நம்பாதீர்கள்.

எறிய வேண்டியவையும் ஏராளமாக இருக்கும். மின்கட்டண ரசீது, எரிவாயு ரசீது, செல்லாத உத்தரவாத அட்டை, 1994-ம் ஆண்டின் கல்யாணப் பத்திரிகைகள் (மஞ்சள் தடவியதை எறியக் கூடாது என்று என் மனைவியும் வைத்திருக்கிறாள், கோயில் உண்டியலா அது?). வருமான வரிக் காகிதங்களை மட்டும் எட்டு ஆண்டுக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம்.

யீஷூன்_வாசி | திங்கள், பகல் 1.20

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இடம் குறைவு என்றால் சாமான் குறையும் என்று நினைப்பீர்கள். குறையாது. இங்கே 1990-களின் கடைசியிலிருந்து கட்டிய அடுக்குமாடி வீடுகளில், போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்கென்று தடித்த சுவரும் இரும்புக் கதவும் வைத்து ஒரு சின்ன அறை கொடுத்திருக்கிறார்கள். எல்லோர் வீட்டிலும் அதுதான் பரண். போர் வந்தால் நாங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். உள்ளே மாமியாரின் கிரைண்டர் பத்திரமாக இருக்கும்.

பயன்பட்ட ஒரு வழி சொல்கிறேன். சமையலறைக் கடிகாரத்தில் இருபது நிமிடம் வைப்பேன். மணி அடித்ததும், கையில் பாதி மடித்த துணி இருந்தாலும், வெளியே வந்துவிடுவேன். "இன்னும் கொஞ்சம்" என்று நீட்டினால் மறுநாள் உள்ளே போக மனம் வராது. எடுத்ததை அன்றே வீட்டைவிட்டு வெளியேற்றுவது அதைவிட முக்கியம். 'கொடுக்க வேண்டியவை' என்று எழுதி நடைபாதையில் வைத்த பை, மூன்று மாதத்தில் மறுபடி அறைக்குள் போய்விடுகிறது. யார் கொண்டுபோகிறார்கள் என்றே தெரிவதில்லை.

வேப்பமரத்தடி | வியாழன், இரவு 9.05

எல்லோருக்கும் நன்றி. சமையலறையில் ஒரு தட்டு என்று தொடங்கி மூன்று தட்டு முடித்தேன். 2017-ல் காலாவதியான சோடா உப்பு. ஒன்பது வடிகட்டி! ஒரு வீட்டுக்கு ஒன்பது டீ வடிகட்டி எதற்கு?

நேற்று அந்த அறைக்கே போனேன். இருபது நிமிடம். அம்மாவின் அரிசி டிரம்மை லாரியில் ஏற்றும்போது அரிசியைக் கொட்டிவிட்டுக் காலியாகத்தான் கொண்டுவந்தோம் என்று நினைத்திருந்தேன். அடியில் பாலித்தீன் பையைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு ஒட்டவைத்திருந்தாள். பிரித்தால் ஆயிரம் ரூபாய் நோட்டுகள் ஏழு. பழையவை. செல்லாதவை. வசம்பு வாசனை வந்தது.

கறிவேப்பிலை, உங்களைத்தான் நினைத்தேன். 2016 நவம்பரில் நான் தொலைபேசியில் எவ்வளவு கேட்டேன், "அம்மா, எங்காவது வைத்திருக்கிறாயா, வந்து மாற்றித் தருகிறேன்" என்று. "என்னிடம் ஏதடி பணம்" என்றாள்.

ஓய்வுபெற்ற_காசாளர் | வியாழன், இரவு 9.40

நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, தவறில்லை. 2017-ல் வந்த சட்டப்படி அந்தப் பழைய நோட்டுகளை மொத்தம் பத்து வரை ஒருவர் வைத்திருக்கலாம். நாணயவியல், ஆராய்ச்சிக்கு என்றால் 25 வரை. அதற்கு மேல் இருந்தால் பத்தாயிரம் ரூபாய் அல்லது முகமதிப்பைப்போல் ஐந்து மடங்கு, இதில் எது கூடுதலோ அதுவரை அபராதம் விதிக்கலாம். உங்களிடம் ஏழுதான். நிம்மதியாகத் தூங்குங்கள்.

நேர்கோடு | வியாழன், இரவு 10.02

சரி, குட்டியானையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அடுக்குமல்லி | வெள்ளி, காலை 11.30

இந்த இழையில் யாரும், வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லித்தரும் ஜப்பானின் மாரி கொண்டோவைப் பற்றிப் பேசவில்லையே! ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, மனம் மலர்கிறதா என்று பார்த்து, மலர்ந்தால் வைத்துக்கொள்ளச் சொல்வார். துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான் என்று வகைவகையாகப் போக வேண்டும். நினைவுப் பொருள்கள் கடைசியில்தான். கறிவேப்பிலை தன் அனுபவத்தில் சொன்னதும் அதுவேதான்.

லாஸ் ஏஞ்சலஸில் 30 தம்பதியரிடம் செய்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வும் உண்டு. தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டும்போது "அடைசல்", "முடிக்காத வேலை" என்று அதிகம் சொன்ன மனைவியருக்கு, நாள் முழுவதும் படிப்படியாக இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு சரியாக இறங்கவில்லை. கணவர்களிடம் அந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை.

கறிவேப்பிலை | வெள்ளி, காலை 11.52

கணவர்களிடம் தெரியவில்லையா? அதைக் கண்டுபிடிக்க லாஸ் ஏஞ்சலஸுக்குப் போக வேண்டுமா?

கொண்டோ அம்மையார் மேல் மரியாதை உண்டு. அவரே மூன்றாவது குழந்தை பிறந்தபிறகு, வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டேன் என்று 2023-ல் சொன்னாரே, அன்றிலிருந்து மரியாதை இரட்டிப்பு. ஆனால் மனம் மலர்வதெல்லாம் நம் வீட்டுக்கு ஒத்துவராது. இட்லிக் கொப்பரையைப் பார்த்து என் மனம் ஒருநாளும் மலர்ந்ததில்லை. இட்லியைப் பார்த்து மலர்ந்திருக்கிறது.

பனங்கூடல் | சனி, காலை 6.15

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் வீட்டில் சாமான் ஒதுக்கும் பிரச்சினை ஒரே இரவில் தீர்ந்துபோனது. 1995 ஒக்டோபர் 30, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து எல்லோரும் வெளிக்கிட்ட இரவு. எனக்குப் பதினான்கு வயது. மழை. அம்மா கொண்டுவந்தது காணி உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு சோடி காப்பு. அப்பா என்ன காரணத்தாலோ தேங்காய் துருவும் திருவலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை அம்மா அவரைத் திட்டிக்கொண்டே வந்தா. அலுமாரி நிறையப் படங்கள் இருந்தன. ஒன்றும் வரவில்லை. அம்மம்மாவின் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில் இல்லை.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. என் மனைவி எதையும் எறிய விடமாட்டா, காலி ஜாம் போத்தல்கூட. அதன் காரணம் எனக்குத் தெரியும், ஆனாலும் எரிச்சல் வரும். உங்களுக்கு ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்து முடிவுசெய்ய எட்டுக் கிழமை கிடைத்திருக்கிறது. படங்களை மட்டும் முதலில் தேடி எடுத்து, பின்பக்கத்தில் யார், எவர் என்று எழுதி வையுங்கள் அக்கா. பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே.

வேப்பமரத்தடி | சனி, இரவு 8.30

பனங்கூடல், உங்கள் பதிவைப் படித்துவிட்டு அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினேன். புகைப்படப் பெட்டி கிடைத்தது. வீடியோ அழைப்பில் ஒவ்வொன்றாகக் காட்டினேன், அவர் பெயர் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் எழுதினேன். இரண்டு மணி நேரம். 41 படங்களில் ஆறு பேரை இருவருக்குமே தெரியவில்லை.

அடுத்த சிக்கல், பாத்திரங்கள். எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. அம்மாவின் பெயர், பாட்டியின் பெயர், ஒன்றில் "12.6.1968", புள்ளி புள்ளியாக. பெரிய சருவச்சட்டியில் யாரோ ஒருவரின் முன்னெழுத்து மட்டும். மொய் வைத்தவராக இருக்கும். 30 பேருக்குச் சமைக்கும் பாத்திரத்தை மூன்று பேர் வீட்டில் என்ன செய்வேன்? பாத்திரக்கடைக்காரர் எடைக்குத்தான் எடுப்பேன் என்கிறார். பெயர் வெட்டியதை உருக்கக் கொடுப்பது அம்மாவையே கொடுப்பதுபோல் இருக்கிறது.

கறிவேப்பிலை | சனி, இரவு 9.00

கொடுத்துவிட்டு, அந்த எடைக்கு மகளுக்குப் பாலாடை, கிண்ணம், குழந்தையைக் குளிப்பாட்டப் பித்தளைச் செம்பு என்று வாங்குங்கள் அக்கா. நம் வீடுகளில் பாத்திரம் காலங்காலமாக அப்படித்தான் உருமாறி வந்திருக்கிறது. பாட்டி தன் மாமியாரின் அண்டாவைப் போட்டுத்தான் குத்துவிளக்கு வாங்கியிருப்பார். யார் கண்டது?

ஓய்வுபெற்ற_காசாளர் | சனி, இரவு 9.25

இதில் கறிவேப்பிலையுடன் உடன்படமாட்டேன். எடைக்குப் போட்டால் சேதாரம், கூலி என்று கழித்துக் கையில் வருவது சொற்பம். தேதி வெட்டிய ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை ஊர்க் கோயில் மடப்பள்ளிக்கோ அன்னதானக் கூடத்துக்கோ கேட்டுவிட்டுக் கொடுங்கள். 30 பேருக்குச் சமைக்கும் பாத்திரத்துக்கு அங்கேதான் வேலை. பெயரும் இருக்கும்.

கறிவேப்பிலை | சனி, இரவு 9.31

அண்ணா சொன்னதே சரி. தோற்றேன்.

பைண்டு_புத்தகம் | ஞாயிறு, மாலை 4.45

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டுத் தைத்த புத்தகங்கள் அந்தப் பெட்டிகளில் இருந்தால் கிலோக் கணக்கில் போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசுகளை அடித்தளமாக வைத்து 1994-ல் தொடங்கியது. ஆண்டு, பதிப்பகம் எழுதி முதலில் கேளுங்கள். அவர்களிடம் இல்லாதது உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். கேட்காமல் மூட்டையை இறக்கிவிட்டு வராதீர்கள். நூலகம் நம் பரண் இல்லை.

செவிலி_குறிப்பு | ஞாயிறு, இரவு 10.20

மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். அம்மாவின் இன்சுலின் ஊசிகள் இருந்தால் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடி, நீங்கள் போகும் மருத்துவமனையில் ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். குப்பை பிரிப்பவரின் கையில் குத்தும். உப்பிய பவர் பேங்க், பழைய கைப்பேசி, குழல்விளக்கு, எல்லாம் மின்கழிவு, தனியே போகவேண்டும். குழல்விளக்கை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம். போகிக்கு எரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விரட்டுங்கள். 2018 போகியன்று புகையில் சென்னை விமான நிலையமே திணறியது, எங்கள் பிரிவில் மூச்சுத்திணறல் நோயாளிகளுக்கு நெபுலைசர் போதவில்லை.

இன்னொன்று, பொதுவாகச் சொல்கிறேன். வேப்பமரத்தடி அம்மாவுக்கு இருப்பது துக்கம், அது இயற்கை. ஆனால் இதைப் படிக்கும் சிலருக்கு, பால் உறையைக்கூட எறிய முடியாத தவிப்பு பல ஆண்டுகளாக இருக்கலாம். அது குணக்கேடு இல்லை. பொருள் பதுக்கல் கோளாறு என்று 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலேயே தனி நோயாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். அவர்கள் இல்லாதபோது வீட்டைக் காலி செய்வது பெரிய கொடுமை, நோயும் முற்றும். 14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

வேப்பமரத்தடி | ஏழாம் வாரம், புதன், மாலை 6.40

அறையில் இப்போது கட்டில் இருக்கிறது. ஜன்னல் திறக்கிறது. அந்த ஜன்னல் திறந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது.

23-ல் 14 பெட்டிகள் காலி. நான்கு அண்ணன் வந்து எடுத்துப்போனார். "உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்" என்றவர், கொலு பொம்மைகளில் செட்டியார் தம்பதி தனக்கு வேண்டும் என்று அரை மணி நேரம் வாதாடினார். கொடுத்துவிட்டேன். என்னிடம் காய்கறிக்கடை மட்டும் இருக்கிறது, கடைக்காரர் கோயம்புத்தூரில். பெரிய பாத்திரங்கள் ஊர்க் கோயிலுக்குப் போயின. பட்டுப்புடவைகளில் ஒன்றை மகளுக்கு வைத்தேன், நூல்புடவைகளைத் துவைத்துத் துவைத்துப் பழந்துணியாக்கிக் குழந்தைக்குத் தொட்டில், இடுப்புத்துணி என்று கிழித்து மடித்துவிட்டேன். அதைக் கிழிக்கும்போது அழவில்லை. ஏனென்று தெரியவில்லை.

அப்பாவின் பாஸ்புக் ஒன்றின் கணக்கு உத்கமில் அகப்பட்டது. பாஸ்புக்கில் 6,212 ரூபாய் என்று எழுதியிருக்கிறது; வட்டி எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கிளையில் கேட்க வேண்டும்.

மீதி ஐந்து பெட்டிகளைத் திறக்கவில்லை. 'அம்மா, பிறகு' என்று எழுதிப் பரணில் ஏற்றிவிட்டேன். கண்ணாடிக்கூடு அதில் இல்லை. அது என் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

காசாளர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. நேற்று அம்மாவின் சுந்தரகாண்டப் புத்தகத்துக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டையை மாற்றலாம் என்று பிரித்தேன். உள்ளே இன்னும் ஆயிரம் ரூபாய் நோட்டுகள் நான்கு. இப்போது என்னிடம் பதினொன்று.

ஓய்வுபெற்ற_காசாளர் | புதன், மாலை 6.58

பதினோராயிரத்துக்கு ஐந்து மடங்கு, ஐம்பத்தைந்தாயிரம் வரை அபராதம். உங்கள் அம்மா கெட்டிக்காரர்.

நேர்கோடு | புதன், மாலை 7.03

ஒன்றைக் குட்டியானையில் ஏற்றிவிடுங்கள்.

வேப்பமரத்தடி | புதன், இரவு 7.30

நான்கை அண்ணனுக்குப் விரைவுத் தபாலில் அனுப்பப்போகிறேன். அவருக்கு நான்கு, எனக்கு ஏழு. பாகப்பிரிவினையில் சண்டையே இல்லை.